வடிவுக்கு வந்த சூடு

ஆற்றங்கரை மடத்தில் அந்தி விளக்கு அசையக் கூடாது. அதற்காகவே தியான அறையின் ஒற்றை ஜன்னலை எப்போதும் சாத்தி வைத்திருப்பார்கள். சித்திரை மாதத்தில் உள்ளே உட்கார்ந்தால் ஆள் அவிந்துபோவாள். ஆனாலும் ஒருத்தியும் வாய் திறக்க மாட்டாள்.

தியானம் முடிந்ததும் ஒரு வழக்கம் உண்டு. அன்று தனக்குள் நடந்ததை ஒவ்வொருத்தியும் விளக்கின் முன் சொல்ல வேண்டும்.

அந்த வழக்கத்தில்தான் வடிவு வகையாக மாட்டிக்கொண்டாள்.

அவளுக்கு வயது முப்பத்தாறு. கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை. மடத்தில் ஒரு வருஷம் விரதம் இருந்தால் மடி நிறையும் என்று யாரோ சொன்னார்கள். புருஷன் பரமசிவம் கொண்டுவந்து விட்டுப் போனார். மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். நல்ல மனுஷர், ஒன்றும் கேட்க மாட்டார். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போவார். அதுதான் அவளுக்குத் தாங்காது.

வீட்டுக்குத் தூரமாகிற பெண்கள் படுத்து ஓய்வெடுக்க மடத்தின் பின்கட்டில் ஓர் அறை இருந்தது. தை பிறந்த பிறகு வடிவு அந்தப் பக்கமே போகவில்லை. போக வேண்டிய அவசியம் வரவில்லை.

அப்புறம் சூடு வந்தது. சும்மா உட்கார்ந்திருப்பாள், நெஞ்சிலிருந்து குபீரென்று கிளம்பி முகமெல்லாம் பரவும். ஜாக்கெட் தொப்பலாக நனைந்துவிடும். கொஞ்ச நேரத்தில் அடங்கி, உடம்பு வெடவெடக்கும். தூக்கம் போயிற்று. பூனை பாலைக் கொட்டியதற்கு ஒருநாள் உட்கார்ந்து அழுதாள்.

பயந்துபோய் விளக்கின் முன் பாதியைச் சொன்னாள். "உடம்பு பத்தி எரியுது. ஏன்னு தெரியலை."

பின்கட்டுக்குப் போகாததை மட்டும் சொல்லவில்லை.

"அடி ஆத்தா!" என்று எழுந்துவிட்டாள் உலகம்மை. மடத்துச் சமையல் அவள் பொறுப்பு, பக்தியும் அவள் பொறுப்பு மாதிரி நடந்துகொள்வாள். "இது யோகத் தீயில்லா! பெரிய தவசிகளுக்கே லேசுல வராதே, உனக்கு வந்துட்டே வடிவு!"

மறுநாளே வடிவுக்கு விளக்கின் பக்கத்தில் இடம் போட்டார்கள். அவளுக்கு வேர்வை வழிய வழிய உலகம்மை அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூத்துதான் போங்கள்.

வடிவுக்கு ஒரு பக்கம் குளிர்ந்துதான் போயிற்று. பிள்ளை இல்லாதவள் என்றே பார்த்த கண்கள் இப்போது கும்பிடுகின்றன. ஆனால் இன்னொரு பக்கம் ஒரு கேள்வி விடவில்லை. தீ என்றால், அதில் பிள்ளை எப்படித் தங்கும்?

ஒருநாள் காலையில் குருவிடமே போய் நின்றாள். குரு மரகதத்தம்மாள் அவளைவிட வயதில் இளையவர். ஆனாலும் எல்லாருக்கும் அம்மாதான். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, எனக்கு வந்திருக்கிறது தவமா, நோயா?"

"கடைசியா எப்போ பின்கட்டுக்குப் போனே?"

வடிவு தலையைக் குனிந்துகொண்டாள். "தைக்கு முந்தி."

குருவின் கை நின்றது. கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

"செருப்பைப் போடு."

"எங்கம்மா?"

"ஆஸ்பத்திரிக்கு."

"எதுக்கும்மா? நீங்க சொன்னாப் போதும். நீங்க எது சொன்னாலும் நம்புவேன்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. செருப்பைப் போடு."

மடத்தை விட்டு வெளியே வராத அம்மா டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தார். ரத்தம் எடுத்தார்கள். கர்ப்பமில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி மறுபடி எடுத்தார்கள். இரண்டு முறையும் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அம்மாதான். நடுவில் இருந்த அந்த ஒரு மாதம் வடிவு சோறு தின்றாளா மண்ணைத் தின்றாளா என்று அவளுக்கே தெரியாது. புற்றோ, கட்டியோ என்று என்னவெல்லாமோ நினைத்துச் செத்துப் பிழைத்தாள்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "மாதவிலக்கு சீக்கிரமே நிக்கிற நிலைம்மா. சினைப்பை முன்கூட்டியே வேலையைக் குறைச்சிருச்சு. உங்கம்மாவுக்கு எந்த வயசுல நின்னுச்சு?"

"அதையெல்லாம் அம்மாகிட்ட யாரு கேட்டா?" என்றாள் வடிவு. அவளைப் பெற்றவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"நீ செஞ்ச தப்பு ஒண்ணுமில்ல. சில பேருக்குக் காரணமே தெரியாது. ஆனா இந்த வயசுல இப்படியே விட்டா எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதில்ல. ஹார்மோன் மாத்திரை தரேன், நாள் தவறாமப் போடணும். பட்டினி கிடக்காதே. நல்லாச் சாப்பிடு, நல்லா நட."

"பிள்ளை?" வடிவுக்காக அம்மாதான் கேட்டார்.

"தானா உண்டாகிற வாய்ப்பு குறைவு. அறவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். வேற வழியும் இருக்கு. புருஷனைக் கூட்டிட்டு வாங்க, பேசுவோம்."

திரும்பும் பஸ்ஸில் வடிவு முந்தானையை வாயில் வைத்து அழுதாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் திரும்பிக்கொண்டார்.

"அவர்கிட்ட என்னன்னு சொல்லுவேன்மா? உன் பெண்டாட்டி கிழவியாயிட்டான்னா?"

"டாக்டரம்மா சொன்னதைச் சொல்லு. அதுக்கு மேல ஒரு சொல் சேர்க்காதே."

"விரதம்?"

"இன்னியோட முடிஞ்சுது. இனிமே அந்த மாத்திரைதான் உனக்கு விரதம்."

அந்தி வந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. வடிவுக்கு விளக்கின் பக்கத்தில் அதே இடம், உலகம்மைக்கு அவள் பக்கத்தில் அதே இடம். சும்மா இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. இந்தக் கும்பிடாவது மிஞ்சுமே. அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்களை மூடியிருந்தார்.

அவள் முறை வந்தது.

"எனக்கு வந்தது யோகத் தீ இல்ல," என்றாள். "தையிலேருந்து எனக்குத் தூரம் நின்னுபோச்சு. அதனால வர்ற சூடு. நான்தான் பாதியை மறைச்சேன்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சிலிருந்து அது கிளம்பிவிட்டது. முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்வை வழிந்தது. இந்த முறை அதைத் தொட ஒரு கையும் நீளவில்லை.

உலகம்மைக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்போ நாம இத்தனை நாளா எதைக் கும்பிட்டோம்மா?"

மரகதத்தம்மாள் எழுந்தார். நேரே போய் ஜன்னலின் தாழ்ப்பாளை இழுத்தார். இறுகிக் கிடந்தது, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. கதவு படாரென்று திறந்தது. ஆற்றுக் காற்று உள்ளே வந்து வடிவின் நனைந்த கழுத்தில் பட்டது. அவள் அம்மாடி என்று கண்களை மூடிக்கொண்டாள்.

விளக்கு அணைந்துபோயிற்று.

"ஐயோ! விளக்கு போச்சே அம்மா!" என்று பதறினாள் உலகம்மை.

இருட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தீப்பெட்டி இருக்கு, ஏத்திக்கலாம். நீ போய் அவளுக்கு ஒரு செம்பு தண்ணி கொண்டா."