மருதிக்கு மறுத்த தண்ணீர்

ஆவாரங்குளத்துக் காட்டில் மருதி என்ற புள்ளிமானுக்கு ஒரு அநியாயம் நடந்தது. அவள் குட்டி ஈன்றாள். ஈன்ற அன்றே, இனி அவள் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

தண்ணீர் இல்லாத காடா என்றால் அதுவும் இல்லை. குளம் எதிரிலேயே கிடந்தது. மருதி படுத்திருந்த புதரிலிருந்து தலையைத் தூக்கினால் மீன் துள்ளுவது தெரியும். எருமைகள் வந்து குடித்தன. காட்டுப்பன்றி குடித்துவிட்டு அதிலேயே புரண்டது. அதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. மருதி எழுந்து குளத்தின் பக்கம் இரண்டு எட்டு வைத்தால் மட்டும் காடே கேட்டது.

"எங்கே கிளம்பிவிட்டாய்?" என்று வழியை மறித்தாள் நாச்சி. நாச்சி, மருதியின் கணவனுக்கு அக்கா.

"குளத்துக்கு, மதினி. தாகமாக இருக்கிறது."

"பிள்ளை பெற்ற உடம்போடா? பச்சைத் தண்ணீரைக் குடித்தால் வயிறு பானை மாதிரி நின்றுவிடும். போய்ப் படு."

"யார் சொன்னது?"

"வைத்தியர் சொல்லியிருக்கிறார்."

வைத்தியர் என்பது கருமுகன். குளக்கரை மருதமரத்தின் உச்சியில் வாழும் கிழட்டு மந்தி. அவருக்கு யார் வைத்தியம் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. மேலே உட்கார்ந்திருந்தார், வால் நீளமாக இருந்தது, இருமிவிட்டுப் பேசினார். அது போதாதா?

மான்கள் அவர் பேச்சைத் தட்டாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறுத்தை வந்தால் மந்திகளுக்குத்தான் மரத்திலிருந்து முதலில் தெரியும். அவை கத்தும். மான்கள் ஓடித் தப்பிக்கும். மந்திகள் பறித்துக் கடித்துப் போடும் தளிர்களும் கீழே நிற்கும் மான்களுக்குத்தான். கருமுகன் கோபித்துக்கொண்டால் தளிரும் போச்சு, காவலும் போச்சு. அதனால் அவர் என்ன சொன்னாலும் கீழே எல்லாத் தலையும் ஆடும்.

அன்று மாலை கருமுகன் மருதியைப் பார்க்க இறங்கி வந்தார். ஒரு தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து வாலைத் தொங்கவிட்டார்.

"அம்மா மருதி, வெறும் தண்ணீருக்கா இப்படிப் பறக்கிறாய்? அதில் என்னதான் இருக்கிறது சொல்லு. நிறம் உண்டா? மணம் உண்டா? ருசி உண்டா? நீ குடித்தால் உன் பால் நீர்த்துப் போகும். குட்டிக்குச் சளி பிடிக்கும். தண்ணீருக்குப் பதிலாக உடம்புக்கு நல்லதாக எத்தனை இருக்கிறது தெரியுமா? காலையில் நெல்லிச் சாறு. வெயில் ஏறினால் நன்னாரி ஊறல். சாயங்காலம் துளசிச் சாறு. எல்லாம் என் கையால் பிழிந்து தருகிறேன். இதைவிட உனக்கு என்ன வேண்டும்?"

"தண்ணீர்" என்றாள் மருதி.

கூடி நின்ற மான்கள் சிரித்தன. பிள்ளை பெற்றவளுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறும் என்று ஒருத்தி இன்னொருத்தியின் காதில் சொன்னாள். அது மருதியின் காதிலும் விழுந்தது.

அவளுடைய கணவன் கவைக்கொம்பன் சற்றுத் தள்ளி நின்று, கொம்பை ஒரு மரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தான். மருதி அவனைப் பார்த்தாள்.

"நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"பெரியவர்கள் நம் நல்லதுக்குத்தானே சொல்கிறார்கள்?" என்றான் அவன். பிறகு குளத்துக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடியும் கொம்பைத் தேய்த்தான்.

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது. பாறைக்குழி ஒன்றில் கருமுகன் நெல்லிச் சாறு பிழிந்து வைத்தார். நக்கினால் நாக்கு நனையும் அளவுதான். புளிப்பில் மருதிக்குப் பல் கூசியது. துளசிச் சாறு தொண்டையில் காந்தியது. ஒவ்வொன்றையும் குடித்த பிறகு தாகம் முன்னைவிட அதிகமாக எடுத்தது.

நன்னாரி ஊறல் வந்தபோது மருதி முகர்ந்து பார்த்தாள்.

"வைத்தியரே, ஒரு சந்தேகம். இந்த வேரை எதில் ஊறப் போட்டீர்கள்?"

"இதென்ன கேள்வி? குளத்திலிருந்து மொண்டு வந்துதான்."

"அப்படியானால் இதுவும் தண்ணீர்தானே? இதைக் குடித்தால் மட்டும் பால் நீர்த்துப் போகாதா?"

"வேர் விழுந்ததும் அது மருந்தாகிவிட்டது அம்மா."

"எனக்கு மருந்து வேண்டாம். எனக்கு நோய் இல்லை. தாகம்."

கருமுகன் வாலைச் சுருட்டிக்கொண்டார். "இந்தக் காலத்துப் பெண்களுக்கு வாய்தான் முதலில் முளைக்கிறது" என்று நாச்சியிடம் சொல்லிவிட்டு மரமேறினார். பதில் தெரியாத இடத்தில் அவருக்கு எப்போதும் மரமேறும் வேலை வந்துவிடும்.

பார்க்க வந்தவர்களுக்கும் வாய் சும்மா இருக்கவில்லை. உடும்பு ஒன்று புதர் வரைக்கும் ஊர்ந்து வந்து, "நான் குளத்துப் பக்கம் போயே எத்தனையோ நாளாகிறது. என்ன குறைந்து போனேன்? எல்லாம் மனசுதான்" என்று சொல்லிவிட்டுப் போனது. அது முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டு அப்படியே நடையைக் கட்டுகிற பிராணி. பால் கொடுப்பது எப்படி இருக்கும் என்று அதற்குச் சொப்பனத்தில்கூடத் தெரியாது. ஆனாலும் பாலூட்டுகிறவளுக்கு அது யோசனை சொன்னது. எல்லோரும் அதையும் மதித்துக் கேட்டார்கள்.

மருதியின் பால் குறைந்துகொண்டே வந்தது.

குட்டி முட்டி முட்டிப் பார்த்தது. வாயை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. மறுபடியும் முட்டியது. முதலில் கத்தியது. பிறகு கத்துவதற்கும் தெம்பில்லாமல் காலை மடக்கிப் படுத்துக்கொண்டது. மருதி அதை நக்கிக் கொடுக்கப் போனாள். நக்குவதற்கு நாக்கில் ஈரமில்லை. எப்போதும் பளபளவென்று நனைந்திருக்கும் அவள் மூக்கு, வெயிலில் கிடந்த மண்கட்டி போலக் காய்ந்து வெடித்திருந்தது. குட்டியின் வாசனையைக்கூட அவளால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"மதினி, பாலே இல்லை. குட்டியைப் பாருங்கள்."

"எல்லாம் வரும். சாற்றைக் குடி" என்றாள் நாச்சி. "நாங்களெல்லாம் பெறவில்லையா? எனக்கும் இதே பத்தியம்தான். ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் என் பல்லில் பட்டதில்லை. தெரியுமா?"

அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

மருதி எழுந்து நின்றாள்.

"உங்கள் முதல் குட்டி எங்கே மதினி?"

நாச்சி குனிந்து ஒரு புல்லைக் கடித்தாள்.

"அதற்கு அடுத்தது?"

"அது என் தலையெழுத்து" என்றாள் நாச்சி, மெதுவாக. "வைத்தியர் சொன்னார். பால் சேரவில்லை, கொடுப்பினை இல்லை என்று."

"பால் சேரவில்லையா, பாலே இல்லையா? அதுவும் இப்படித்தான் முட்டி முட்டிப் பார்த்ததா? வாயை எடுத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்ததா?"

நாச்சி குட்டியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, அத்தனை நாளும் மறித்து நின்ற வழியிலிருந்து ஓரமாக விலகி நின்றாள்.

"போ. போய்க் குடி. குட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். எவன் கேட்கிறான் என்று பார்க்கிறேன்."

பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, மருதி குளத்துக்கு நடந்தாள்.

மரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்த மான்கள் வாயில் புல்லோடு நின்றுவிட்டன. கவைக்கொம்பன், "என் மானத்தை வாங்காதே" என்று குரல் கொடுத்தான். எங்கே நின்றானோ அங்கேயே நின்றுகொண்டு கொடுத்தான். உச்சிக் கிளையில் கருமுகன் எழுந்து நின்றார்.

"மருதி, நில். ஒரு வாய் குடித்தாயானால் இனிமேல் சிறுத்தை வந்தாலும் இந்த மரத்திலிருந்து ஒரு குரல் வராது. உன் ஒருத்தியால் மொத்தக் கூட்டமும் சாகட்டும்."

கூட்டம் முழுவதும் அவளைக் கெஞ்சியது, திட்டியது. மருதி திரும்பவில்லை. கரைச்சேற்றில் முன்கால்களை ஊன்றி, முகத்தைக் கண்வரை தண்ணீருக்குள் அமிழ்த்திக் குடித்தாள். நிறமில்லாத, மணமில்லாத, ருசியில்லாத அந்தத் தண்ணீர் நாக்கிலும் தொண்டையிலும் இறங்கி, கால் குளம்பு வரைக்கும் போவது போல இருந்தது.

தன் பேச்சு எடுபடவில்லை என்றதும் கருமுகனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மரத்தைவிட்டே இறங்கிவிட்டார். இரண்டு கால்களில் நிமிர்ந்து குளக்கரைக்கு வந்தார். கரையோர உண்ணிச்செடிப் புதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, விரலை ஆட்டினார்.

"திமிர் பிடித்தவளே, உனக்காக நெல்லி பிழிந்து என் கை காய்த்துப் போயிருக்கிறது. வெறும் தண்ணீரில் அப்படி என்னதான் இருக்கிறது? எல்லோரும் கேட்கட்டும், சொல்லு பார்ப்போம்."

மருதி தலையை உயர்த்தினாள். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. காய்ந்து கிடந்த மூக்கு நனைந்து குளிர்ந்திருந்தது. புதர்ப் பக்கமிருந்து காற்று வீசியது. நனைந்த மூக்கில் ஒவ்வொரு வாசனையாக வந்து ஒட்டியது. சேறு. பாசி. உண்ணிப்பூ. மந்தியின் மயிர். அதற்கும் பின்னால், பச்சை இறைச்சி வாடையோடு, சிறுத்தை.

புதர் மிக இலேசாக அசைந்தது. கருமுகனின் முதுகுக்கும் அதற்கும் ஒரு பாய்ச்சல் தூரம்கூட இல்லை.

குரல் கொடுக்க மாட்டேன் என்று இப்போதுதான் சொல்லிவிட்டு வந்தவர் இவர். மருதி பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு நொடி அவளுக்கு அதுவும் தோன்றியது.

அடுத்த நொடி முன்காலைத் தரையில் அறைந்து, காடு முழுக்கக் கேட்கும்படி கூவினாள்.

கருமுகன் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே தாவினார். சிறுத்தையின் நகத்தில் அவர் வால் நுனி மயிர் ஒரு கொத்து மாட்டியது, அவர் மாட்டவில்லை. மான்கள் நாலு பக்கமும் சிதறின. மருதி ஓடிவந்து குட்டியை மறைத்து நின்றாள். காடே விழித்துக்கொண்ட பிறகு பதுங்கி என்ன பயன்? சிறுத்தை எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

காடு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் கருமுகன் மரத்திலிருந்து வழுக்கி வழுக்கி இறங்கினார். வைத்தியரின் மிடுக்கு எங்கே போனதோ தெரியவில்லை. உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. பயத்தில் நாக்கு மேலண்ணத்தோடு பசை போட்டது போல இருந்தது. தளிரிலேயே ஈரத்தை உறிஞ்சிக் காலம் தள்ளியவர் அவர். தொண்டை வறள்வது என்றால் என்ன என்று பிறந்ததிலிருந்து அறியாதவர். இப்போது குளத்தின் பக்கம் தள்ளாடிப் போனார்.

நாச்சி குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கே கிளம்பிவிட்டீர்கள் வைத்தியரே?"

"தண்… தண்ணீர்."

"வெறும் தண்ணீரா? அதில் என்ன இருக்கிறது? பாறைக்குழியில் நெல்லிச் சாறு அப்படியே இருக்கிறது. நாக்கு நனையும். எடுத்து வரச் சொல்லட்டுமா?"

மான்கள் சிரித்தன. கவைக்கொம்பனும் சிரித்தான். மருதி ஒரு பார்வை பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"விடுங்கள் மதினி. குடிக்கட்டும்" என்றாள் மருதி.

கருமுகன் குப்புறப் படுத்துக் குடித்தார். மூச்சு வாங்கக் குடித்தார். முகத்தைத் தூக்கியபோது தாடியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. சிறிது தூரத்தில், மருதியின் மடியில் குட்டி முட்டிக்கொண்டிருந்தது. இந்த முறை அது வாயை எடுக்கவில்லை. அதன் வாயோரம் வெள்ளையாக நுரைத்திருந்தது. நாச்சி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்படியானால்" என்றார் கருமுகன். குரல் கம்மியிருந்தது. ஆனாலும் தோற்றுப்போக அவருக்கு மனம் வரவில்லை. "அப்படியானால் என் நெல்லிச் சாறு, நன்னாரி, துளசி, எல்லாம் கெடுதல் என்கிறாயா? இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் பொய் என்கிறாயா?"

மருதி அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "நெல்லிச் சாறு நல்லதுதான் வைத்தியரே, தண்ணீர் குடித்த பிறகு ஆசைப்பட்டால் நானே கேட்டு வாங்கிக் குடிப்பேன், ஆனால் தாகம் என்றால் என்னவென்றே தெரியாதவர், தாகத்தில் கிடப்பவள் எதைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்று சொல்ல வரக்கூடாது."