காப்புக் கட்டிக்கொண்ட மன்னன்

பெரியவர்கள் கதை தொடங்கினால் முதலில் காப்புச் செய்யுள் ஒன்று பாடுவார்கள். எனக்குப் பாட்டு வராது. நான் பாடினால் உட்கார்ந்திருக்கிற நாலு பேரும் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் நேரே கதைக்கு வருகிறேன். கதையே காப்பைப் பற்றியதுதான், கவலை வேண்டாம்.

மாதம் தவறாமல் மழை பெய்த காலத்தில், புல்வெளி நாடு என்று ஒரு நாடு இருந்தது. அதைக் கூர்வேலன் என்ற மன்னன் ஆண்டான். நல்லவன். அவன் நல்லவனாக இருந்ததுதான் இந்தக் கதையில் வரும் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

அந்த நாட்டுக் கொடியில் கானமயில் எழுதியிருந்தது. பெயரில்தான் மயில், தோகை கிடையாது. நெடுங்கழுத்தும் பழுப்பு முதுகுமாக ஆளின் இடுப்பு உயரம் நிற்கும் பறவை. மரம் ஏறாது. திறந்த புல்வெளியில் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டு நடக்கும். ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை, அதையும் வெறும் தரையில் இடும்.

ஒரு நாள் கோட்டை மதில்மேல் நின்று பார்த்த மன்னனுக்குப் புல் தெரிந்தது, பறவை தெரியவில்லை.

"அமைச்சரே, நம் கானமயில்கள் எங்கே போயின?"

அமைச்சர் தாழைநம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மன்னா, கொஞ்சம் இளவரசியின் பெயர் சூட்டு விழாவுக்குப் போயின. கொஞ்சம் தங்கள் வெற்றி விருந்துக்குப் போயின. மீதி, தாங்கள் தோற்ற போருக்கு ஆறுதலாக ஒரு விருந்து வைத்தோமே, அதற்குப் போயின."

மன்னன் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அப்பா அவனுக்குப் புல்வெளி நிறையப் பறவைகளை விட்டுப்போனார். அவன் தன் மகளுக்குக் கொடித் துணியில் இருக்கும் பறவையை மட்டுந்தான் விட்டுப்போவான் போலிருந்தது.

"இனி வேட்டை கிடையாது!" என்று சபையில் முழங்கினான். "மிச்சமிருக்கும் கானமயில் ஒவ்வொன்றுக்கும் காப்பு வேண்டும்!"

பாதுகாப்பு என்ற பொருளில்தான் சொன்னான். அரண்மனைத் தட்டார்களுக்குத் தெரிந்த காப்பு வேறு. மறுவாரமே வெள்ளியில் கால்காப்புகள் செய்து, பட்டுத் துணியில் பரப்பிக் கொண்டுவந்து நீட்டினார்கள். மன்னன் திருதிருவென்று விழித்தான். அதற்குள் சபை கைதட்டிவிட்டது. "நான் சொன்னதும் இதைத்தான்" என்றான். அந்த இடத்தில் நாம் இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம், மறைப்பானேன்?

வீரர்கள் பறவைகளைத் துரத்திப் பிடித்துக் காப்பு மாட்டினார்கள். துரத்தியதிலேயே சில செத்துப்போயின. மாட்டிக்கொண்டவை வெயிலில் மினுமினுத்தன. அதுவரை புல்லோடு புல்லாக மறைந்திருந்த பறவை, இப்போது வெகு தூரத்தில் வரும் திருடனுக்கும் பளிச்சென்று தெரிந்தது.

மன்னன் மனம் நொந்தான். நல்லவர்கள் மனம் நொந்தால் சும்மா இருக்கமாட்டார்கள். "ஐயோ பாவம், இந்த வெயிலில் ஒதுங்க நிழலே இல்லையே!" என்று புல்வெளியெங்கும் மரக்கன்று நடச் சொன்னான். மரம் வளர்ந்தது. மரத்தில் முட்டை திருடும் காக்கை கூடு கட்டியது. புதரில் நரி குடியேறியது. நரி வருவது கானமயிலுக்குத் தெரியவில்லை, மரம் மறைத்தது. நரிகள் மட்டும் மன்னனை மனதார வாழ்த்தியிருக்கும்.

மன்னன் மறுபடியும் மனம் நொந்தான். "மக்களுக்குப் பறவையின் அருமை தெரியவில்லை" என்று முட்டையிடும் பருவத்தில் கானமயில் திருவிழா எடுத்தான். கொம்பு ஊதினார்கள், பறை அடித்தார்கள், பொரி கடலை விற்றார்கள். பறவைகள் முட்டையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடின. பறவையின் அருமையைப் பேச வந்த கூட்டம் முட்டைகளை மிதித்துக்கொண்டே வீடு திரும்பியது.

பகைவன் படையெடுத்து வந்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வேலையை முடித்திருக்கமாட்டான்.

அடுத்த ஆடி வந்தது. ஊர் அம்மன் கோயிலில் கொடி ஏறியது. பூசாரி வழக்கப்படி மன்னன் கையில் காப்புக் கட்டினார். இது மூன்றாவது வகைக் காப்பு: மஞ்சள் கிழங்கைக் கோத்த நூல். இதைக் கட்டிக்கொண்டவர் ஊர் எல்லை தாண்டக் கூடாது. புலால் தொடக் கூடாது. உயிர் எதையும் வதைக்கக் கூடாது. பச்சைக் கிளையைக்கூட ஒடிக்கக் கூடாது. திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை இதுதான் சட்டம், மன்னனானாலும்.

மன்னன் தவியாய்த் தவித்தான். "நான் போய்ப் பார்க்காவிட்டால் பறவைகளின் கதி என்ன ஆகும்?" என்று மனைவி காயாம்பூவிடம் புலம்பினான்.

"நீங்கள் போய்ப் பார்த்ததால் என்ன கதி ஆயிற்று என்று முதலில் யோசியுங்கள்" என்றாள் அரசி.

காப்பு அவிழ்த்த அன்றே மன்னன் புல்வெளிக்கு ஓடினான். எல்லையைத் தாண்டியதும் நின்றுவிட்டான். பாதையோரம், மரம் நடாமல் விட்டுப்போன ஒரு துண்டுப் புல்லில், பெண் கானமயில் ஒன்று முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. மன்னன் வராததால் இத்தனை நாளும் ஆள் நடமாட்டம் இல்லை, பறைச் சத்தம் இல்லை. நம்பிக்கையோடு பாதைக்கு இவ்வளவு பக்கத்தில் வந்து இட்டிருக்கிறது. நாடு முழுக்கத் தேடினாலும் அந்த ஆண்டு கிடைக்கப்போவது அந்த ஒரு முட்டைதான்.

மன்னன் தன் வெறுங்கையைப் பார்த்தான். பறவை மிரளாதபடி பின்பக்கமாகவே அடிவைத்து ஊர் திரும்பினான்.

"அமைச்சரே, மறுபடியும் காப்புக் கட்ட வேண்டும்."

தாழைநம்பிக்கு வியர்த்தது. "மன்னா, இந்த முறை தங்கமா, வெள்ளியா?"

"மஞ்சள் நூல். பறவைக்கு இல்லை ஐயா, எனக்கு! உமக்கும், படைக்கும், அரண்மனையில் கை உள்ள அத்தனை பேருக்கும். பாதையோரம் ஒரே ஒரு முட்டை இருக்கிறது. அதன் குஞ்சு பறக்கும்வரை அவிழ்க்கக் கூடாது."

அப்படியே கட்டினார்கள். குஞ்சு பறந்த பிறகு முதல் வேலையாக மரங்களை அகற்றுவது என்று முடிவாயிற்று. எல்லையில் காவல் போட்டார்கள். காவலர்கள் புல்வெளிக்கு முதுகையும் அரண்மனைக்கு முகத்தையும் காட்டி நின்றார்கள். ஆபத்து எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துக் குன்ற நாட்டு அரசன் இடிமுழக்கன் வேட்டை நாய்களோடு விருந்தாளியாக வந்து இறங்கினான். வந்த அரசனைப் புல்வெளிக்கு வேட்டைக்கு அழைத்துப் போவது வழிவழி வந்த மரியாதை. கூர்வேலன் கையை நீட்டிக் காண்பித்தான். "காப்புக் கட்டியிருக்கிறேன். எல்லை தாண்டமாட்டேன். நீங்களும் தாண்டக் கூடாது."

இடிமுழக்கன் மீசையை முறுக்கினான். "ஓகோ! கூர்வேலன் கையில் வளையல் மாட்டிக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டான் என்று என் நாட்டில் போய்ச் சொல்லட்டுமா?"

சபையில் பல கைகள் வாளுக்குப் போயின. மன்னனுக்கும் ரத்தம் கொதித்தது. ஒரு சொல் சொன்னால் போதும், போர்தான். ஆனால் இரண்டு படைகளும் மோத அந்தப் புல்வெளியைத் தவிர வேறு இடமில்லை. பறவை உட்கார்ந்திருந்ததும் அங்கேதான்.

மன்னன் மூச்சை இழுத்து விட்டான். பிறகு சிரித்தான்.

"வளையல் என்றா சொன்னீர்கள்? நான் பறவைக்கே வெள்ளி வளையல் மாட்டினவன் ஐயா, கேளுங்கள்" என்று ஆரம்பித்தான். தட்டார்கள் முன்னால் விழித்ததைச் சொன்னான். நரிகளுக்கு மாளிகை கட்டிக் கொடுத்ததைச் சொன்னான். பொரி கடலைத் திருவிழாவை நடித்தே காட்டினான். மறைத்து வைத்திருந்த மடத்தனம் ஒன்றையும் விடவில்லை. இடிமுழக்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் நீர் வரச் சிரித்தான். இப்படி ஒரு முட்டாளோடு சண்டை போட்டு என்ன பெருமை? இந்தக் கதையை ஊரில் போய்ச் சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் வேட்டையை மறந்து, நாய்களை இழுத்துக்கொண்டு மறுநாளே கிளம்பிவிட்டான்.

சும்மாவும் விடவில்லை. எட்டுத் திசையும் சொல்லிப் பரப்பினான். அன்றிலிருந்து கூர்வேலனுக்கு வளையல் மன்னன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவனுக்குச் சுருக்கென்று குத்தும். குத்தாமல் இருக்குமா, அவனும் மனிதன்தானே. ஆனாலும் காப்பை அவிழ்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் காலை, மன்னன் மதில்மேல் நின்றபோது, தாய்ப் பறவையின் பக்கத்தில் பழுப்பாக ஏதோ தெரிந்தது. குஞ்சா, மண்கட்டியா, அவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை.

"ஒரே ஒரு தடவை, ஓசையில்லாமல், கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?" என்றார் அமைச்சர்.

மன்னனின் கால் துடித்தது. படியில் இறங்கவும் தொடங்கிவிட்டான். பிறகு திரும்ப ஏறி, மதில் சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெயில் ஏறியது. மண்கட்டி எழுந்து, தாயின் பின்னால் இரண்டடி நடந்தது.

மன்னன் வாய்விட்டு அழுதான். சத்தம் புல்வெளிக்குக் கேட்டுவிடப்போகிறதே என்று வாயைப் பொத்திக்கொண்டும் அழுதான்.

கேட்டீர்களா? ஓர் உயிரைக் காக்க நினைப்பவர் முதலில் தம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.