பெட்டி மேல் மூக்குக்கண்ணாடி

"ஆம்ப்ளிஃபையர் ஒரே மாசத்துல போச்சு. மாட்டினவனை வேலையை விட்டு அனுப்பு" என்று என்னிடம் சொன்னார் அரிசி ஆலை தெய்வசிகாமணி.

அது என் அப்பாவின் கார் ஆடியோ கடை. மாட்டியவர் இருதயசாமி. ஆம்ப்ளிஃபையரை சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்தால் அதிர்வில் உள்ளே ஈயப் பற்றவைப்பு விட்டுவிடும் என்று அவர் அன்றே சொன்னார். "டிக்கியைத் திறந்தா நாலு பேர் பார்க்கணும், மேலேயே வை" என்று அதட்டியவர் ஆலைக்காரர்தான். பில் போட்டுக்கொண்டிருந்த நானும் அதைக் காதால் கேட்டேன். இப்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அதிர்வாவது மண்ணாவது" என்றார் ஆலைக்காரர்.

"சரிங்கய்யா. உங்க மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பெட்டி மேல வைங்க. வேற ஆம்ப்ளிஃபையரை இணைச்சு ஒரு பாட்டு போடுறேன். கண்ணாடி அசையலைன்னா நானே போயிடுறேன்" என்றார் இருதயசாமி.

ஆலைக்காரர் கண்ணாடியை இறுகப் பிடித்துக்கொண்டார். "விழுந்து உடைஞ்சிடுமேப்பா."

"ஒரு பாட்டுக்கேவாங்கய்யா? ஆம்ப்ளிஃபையர் பாவம், ஒரு மாசம் தாங்கிச்சே."

ஆலைக்காரர் முகம் கறுத்தது. "புதுசை சீட்டுக்குப் பின்னாடி மாட்டு" என்று முனகிவிட்டு வெளியே போனார்.

இருதயசாமி என்னிடம் திரும்பினார். "அன்னைக்கு நீங்களும் இங்கதானே இருந்தீங்க, பாப்பா?"

நான் குனிந்து புது ஆம்ப்ளிஃபையருக்கு பில் போட ஆரம்பித்தேன்.