பத்து மணங்குப் பாரம்

மருதாடியை ஆண்ட குமாரலிங்க பூபதிக்குத் திடீரென்று உடற்பயிற்சிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வடக்கேயிருந்து வந்த இரண்டு மல்லர்கள் தோளில் பாரத்தை ஏற்றிக்கொண்டு பஸ்கி எடுத்துக் காட்டிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான்! அரண்மனைத் தோட்டத்தில் ஒரு உடற்பயிற்சிக் கூடம் முளைத்தது. மந்திரியிலிருந்து மடைப்பள்ளிக்காரர் வரை விடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்கள்.

கூடத்தில் ஒரு தாங்கி இருந்தது. தோள் உயரத்துக்கு நட்ட இரண்டு கவட்டைக் கம்பங்கள்தான் அது. கல் கட்டிய கட்டையை அதன்மேல் வைத்திருப்பார்கள். அடியில் தோளைக் கொடுத்து எடுக்கலாம். முடிந்ததும் திரும்ப அங்கேயே வைத்துவிடலாம்.

விகடகவி தெய்வச்சிலை மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி ஆள் அவர்.

இதைக் கவனித்துக்கொண்டிருந்தார் தானியக் கொட்டாரத்து அதிகாரி பெத்தபெருமாள். விகடகவி பதவியில் தன் மைத்துனனை உட்காரவைக்க அவருக்கு நெடுநாள் ஆசை. முதல் காரியமாகத் தாங்கியை வெட்டி விறகாக்கி, "கறையான் அரித்துவிட்டது" என்று சொல்லிவிட்டார். அடுத்து மன்னரிடம் போனார்.

"மன்னா, அவையில் எல்லாரும் பஸ்கி எடுக்கிறோம். தெய்வச்சிலை மட்டும் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்."

"சிரிக்கிறானா?" மன்னரின் மீசை துடித்தது. "எழுதுங்கள் ஓலையை!"

பெத்தபெருமாள் சொல்லச் சொல்ல ஓலை எழுதப்பட்டது. 'வெள்ளிக்கிழமை காலை தெய்வச்சிலை பத்து மணங்குப் பாரத்தோடு நூறு பஸ்கி எடுக்கவேண்டும். தாங்கி கிடையாது. வேறு யாரும் பாரத்தைத் தொடக்கூடாது. பாரத்தைக் கீழே போட்டால் பதவி போகும்.'

ஓலையைப் படித்தார் தெய்வச்சிலை. நேரே கூடத்து வாத்தியார் சடையப்பனிடம் ஓடினார்.

"வாத்தியாரே, தாங்கி இல்லாமல் பாரத்தை எப்படித் தோளில் ஏற்றுவது?"

சடையப்பன் தலையைத் திருப்பவில்லை. உடம்போடு சேர்ந்து மொத்தமாகத் திரும்பினார். "நேத்து நான் ஏத்திப் பார்த்தேன். அதுலேர்ந்து கழுத்து இப்படித்தான் இருக்கு."

தெய்வச்சிலையும் கட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அது அசையக்கூட இல்லை. அவருடைய இடுப்புதான் எங்கேயோ 'டக்' என்றது. வீட்டுக்குப் போய் ஓலையை விரித்து உட்கார்ந்தார். ஒவ்வொரு சொல்லாக, கல் பொறுக்குவதுபோலப் படித்தார். ஏழாவது தடவை படிக்கும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஊரே கூடத்தில் கூடிவிட்டது. பெத்தபெருமாள் முன்வரிசையில் மைத்துனனோடு நின்றார்.

"மன்னா, ஒரே ஒரு சந்தேகம்" என்றார் தெய்வச்சிலை. "பாரம் கல்லாகத்தான் இருக்கவேண்டுமா?"

பெத்தபெருமாள் முந்திக்கொண்டார். "கல்லோ, கட்டையோ, ஆடோ, மாடோ! எடை பத்து மணங்கு இருந்தால் போதும். உம் இஷ்டம்!"

மன்னரும் தலையாட்டினார்.

"அப்படியானால் என் பாரம் இதோ நிற்கிறது" என்று தெய்வச்சிலை பெத்தபெருமாளின் கையைப் பிடித்தார். "போன மாதம் கோயிலில் இவர் துலாபாரம் கொடுத்தார். பத்து மணங்கு வெல்லம் வைத்த பிறகுதான் தட்டு அசைந்தது. ஊரே பார்த்தது."

கூட்டம் 'ஓ' என்று கத்தியது. பெத்தபெருமாளோ குஷியாகிவிட்டார். 'நான் ஏறினால் இந்த முருங்கைக்காய் முறிந்துவிடும்!' என்று நினைத்துக்கொண்டார்.

"குனியும் ஓய், ஏறிக்கொள்கிறேன்."

"ஏறுவதா? ஓலையில் தோள் என்ற சொல்லே இல்லையே! பாரத்தோடு பஸ்கி எடுக்கவேண்டும் என்றுதான் இருக்கிறது. மன்னரோடு சாப்பிட்டேன் என்றால் மன்னரைத் தலையில் வைத்துக்கொண்டா சாப்பிட்டேன்? அவரும் சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன். அதேபோல நான் உட்கார்ந்தால் பாரமும் உட்காரும். நான் எழுந்தால் பாரமும் எழும்."

மன்னர் ஓலையை வாங்கிப் படித்தார். ஒரு முறை பெத்தபெருமாளின் தொந்தியைப் பார்த்தார். உதடு துடிக்க, "பாரம் உட்காரட்டும்" என்றார்.

"ஒன்று!" என்று கத்தியது கூட்டம்.

ஐந்தில் பெத்தபெருமாளின் தலைப்பாகை அவிழ்ந்தது. பன்னிரண்டில் அரைக்கச்சை போயிற்று. இருபதில் அவர் விட்ட மூச்சில் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் ஓடின. மைத்துனன் தாங்கிப் பிடிக்க ஓடிவந்தான்.

"தம்பி, தொடாதே!" என்றார் தெய்வச்சிலை. "பாரத்தை வேறு யாரும் தொடக்கூடாது."

முப்பத்திரண்டில் உட்கார்ந்த பெத்தபெருமாள் எழவே இல்லை. தெய்வச்சிலையும் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு செம்பு மோர் வரவழைத்துக் குடித்தார்.

"என்ன, தோற்றுவிட்டாயா?" என்றார் மன்னர்.

"இல்லை மன்னா. முப்பத்திரண்டாவது பஸ்கி பாதியில் இருக்கிறது. பாரம் எழுந்தால் நானும் எழுவேன். ஓலையில் கெடு எதுவும் இல்லை. கீழேயும் நான் போடவில்லை, அதுவே உட்கார்ந்திருக்கிறது."

"மன்னா!" பெத்தபெருமாள் இரண்டு கையையும் தூக்கினார். "அந்த ஓலையைக் கிழித்துப் போடுங்கள்! கறையான்மேல் பழி போட்டேன். தாங்கியை வெட்டியது நான்தான்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஓலை கிழிந்தது. கொட்டாரத்துச் செலவில் புதுத் தாங்கிக்கு உத்தரவாயிற்று. தெய்வச்சிலையின் தோளில் பட்டுச் சால்வை விழுந்தது.

"அதெல்லாம் சரி" என்றார் மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பத்து மணங்குப் பாரத்தோடு முப்பத்தொரு பஸ்கி எடுத்திருக்கிறாய். உனக்கு ஒரு சொட்டு வேர்வைகூட வரவில்லையே, எப்படி?"

"பாரத்தைப் பாரமே சுமந்துகொண்டது மன்னா. நான் சும்மா துணைக்குப் போய்வந்தேன்!"