குற்றாலிங்கம் சாரும் குட்டைத் தவளைகளும்

குரு சிஷ்யன் கதைன்னு சொன்னதும் முதுகை நிமித்தி உக்காந்துட்டீங்க, பாருங்க. ரெண்டு பேர் கண்ணையே மூடிட்டாங்க. இப்ப ஒரு ஆலமரம் வரும், கீழ ஒரு வெள்ளைத்தாடி வரும், முன்னாடி ஒரு பச்சப்புள்ள வந்து 'குருவே'ன்னு கைகட்டி நிப்பான். அப்படித்தானே? கண்ணைத் தெறங்க. இதுல வெள்ளைத்தாடி சிஷ்யனுக்கு. வயசு அம்பத்தொம்போது. குருவுக்கு முப்பத்தெட்டு. மரம்னு பாத்தா ஒரே ஒரு முருங்கை, அதுலயும் கம்பளிப்பூச்சி.

சிஷ்யன் பேரு குற்றாலிங்கம். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ஆசிரமத்துக்கு வந்த அன்னைக்கே வாசல்ல கெடந்த செருப்பையெல்லாம் சைஸ் வாரியா அடுக்கிட்டார். அதுக்கப்புறம் ஒரு வருஷம் தெனமும் வீட்லேருந்து வந்து மூச்சுப்பயிற்சி, மௌனம், உப்பில்லாத கஞ்சி, எதுலயும் ஆப்சென்ட் கிடையாது. ஒரே ஒரு ஆசைதான் பாக்கி. ஞாயித்துக்கெழமை கூட்டத்துல அமைதியைப் பத்தி அவர் பேசணும். 'அமைதிக்கு ஆறு படிகள்'னு பச்சைக் காகிதத்துல நோட்டீஸ் கூட அடிச்சு வச்சுட்டார். குரு, அதான் நம்ம சாமி, சரின்னு சொல்லணும், அவ்வளவுதான்.

"சாமி, எனக்குள்ள அமைதி வந்துடுச்சுன்னு நெனைக்கறேன்."

சாமி முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தார். "நல்லது சார். யாரு சொன்னா?"

"நானே உணர்ந்தேன்."

"சரி. எதுக்கும் இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுக்குவோம். பின்னாடி குட்டையில தவளை கத்துதே, பக்கத்துல போய் கால்மணி நேரம் சும்மா உக்காந்துட்டு வாங்க. வந்துடுச்சா இல்லையான்னு அது சொல்லும்."

முந்தின நாள் நல்ல மழை. குட்டை நெறஞ்சு கெடந்துச்சு. கல்யாண வீட்டுல பந்தி முடிஞ்சு வெத்தலையை மடிச்சுப் போட்டுக்கிட்டுப் பேசுவாங்களே, அந்தப் பேச்சு பேசிக்கிட்டிருந்துச்சுங்க தவளைங்க. ஒண்ணு "கொர்ர்ரக்"குங்குது. எதிர்க்கரையில ஒண்ணு "டொக்கு, டொக்கு"ன்னு ஆமாம் போடுது. பொடிசு ஒண்ணு நடுவுல புகுந்து "க்ரீச்சு, க்ரீச்சு"ன்னு கோள் சொல்லுது.

குற்றாலிங்கம் சார் நடந்து வந்தார். தோல் செருப்பு. சரக், சரக், சரக்.

குட்டை கப்சிப்.

கரையில ஆட்டுக்குப் புல்லறுத்துக்கிட்டிருந்த செண்பகம் படக்குனு எந்திரிச்சு நின்னா. கையில இருந்த அருவாளை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டா. அவர்கிட்ட ஏழாங்கிளாஸ் படிச்சவ. இப்ப அவ மகனே ஏழாங்கிளாஸ் படிக்கிறான். இன்னமும் மரியாதை மறக்கலையேன்னு சாருக்கு மனசு குளுந்துபோச்சு.

"வேலையைப் பாரும்மா"ன்னுட்டு ஒரு கல்லுல உக்காந்தார். கடிகாரத்தைப் பாத்தார். மூணு நிமிஷம் போயிருக்கும். மூலையில ஒரு தவளை, தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு, "கொ..."

"ம்க்கும்"னு சார் தொண்டையைச் செருமினார்.

மிச்சத்தை அது முழுங்கிடுச்சு.

திரும்பி வந்த சார் முகத்துல அப்படி ஒரு களை.

"தவளை என்ன சொல்லுச்சு சார்?"

"ஒரு வார்த்தை சொல்லல சாமி. நான் போனதுமே மொத்தக் குட்டையும் அமைதியாயிடுச்சு. என்கிட்ட இருக்கறது அதுங்களுக்கும் பரவுது."

"அப்படியா. வீட்லயும் பரவுமா?"

"அதை ஏன் கேக்கறீங்க. நான் உள்ள நுழைஞ்சா பேரன் பேத்தி ரெண்டும் டிவியை அணைச்சுட்டு மாடிக்குப் போயிடும். அப்புறம் ஒரு சத்தம் இருக்காது."

சாமி கீரையில ஒட்டியிருந்த கம்பளிப்பூச்சியைத் தட்டிவிட்டார். "நாளைக்கும் போங்க சார்."

மறுநாளும் அதேதான். சரக், சரக். கப்சிப். "கொ..." "ம்க்கும்." மூணாம் நாளும் அதேதான். அன்னைக்கு சார் நோட்டீஸைக் கையோடவே கொண்டுவந்துட்டார்.

"மூணு நாளா ஒரே பதில்தான் சாமி. அப்ப ஞாயித்துக்கெழமை..."

"வாங்க, நானும் ஒரு தடவை கேட்டுப் பாக்கறேன். நீங்க அந்த மேட்டுலயே நின்னுக்குங்க."

சார் மேட்டுல நின்னார். பக்கத்துல செண்பகம், புல்லுக்கட்டோட. சாமி வெறுங்காலோட எறங்கிப் போனார். தவளைங்க நிறுத்துச்சுங்க. சாமி தண்ணியோரமா சேத்துலயே உக்காந்தார். உக்காந்தார், அவ்வளவுதான். கொசு கடிச்சுது. கடிக்கட்டும்னு விட்டுட்டார்.

"கொ..."

யாரும் செருமல.

"கொர்ர்ரக்." "டொக்கு." "டொக்கு, டொக்கு." பொடிசும் "க்ரீச்சு"ன்னு விட்ட எடத்துல இருந்து கோளை ஆரம்பிச்சுடுச்சு. ரெண்டே நிமிஷத்துல பந்தி களைகட்டிடுச்சு. பெருசு ஒண்ணு தாவி வந்து சாமியோட முழங்கால் மேல உக்காந்து, தொண்டையை பலூன் மாதிரி ஊதிக்கிட்டு, அவர் மூஞ்சியைப் பாத்தே கத்துச்சு. சாமி அதோட மூஞ்சியைப் பாத்துக்கிட்டிருந்தார்.

மேட்டுல நின்ன சாருக்குத்தான் சங்கடமாப் போச்சு. என்ன இருந்தாலும் குரு. செண்பகம் பக்கமா சாஞ்சு கொரலைத் தாழ்த்தினார்.

"பாவம், சின்ன வயசு. அவருக்கு அடங்க மாட்டேங்குது, பாத்தியா? நீயும் மூணு நாளா பாத்துக்கிட்டுதானே இருக்கே, நான் வந்ததும் எப்படி அடங்குச்சுங்கன்னு. அந்த நேரத்துல அதுங்க மனசுல என்னதாம்மா ஓடும்?"

செண்பகம் யோசிக்கவே இல்ல.

"வேற என்ன சார் ஓடும். வராண்டாவுல உங்க செருப்புச் சத்தம் கேட்டா எங்களுக்கு ஓடுனதுதான். இன்னைக்கு யாருக்கு அடி விழப்போகுதோன்னு."

சொன்னதுக்கப்புறம்தான் வாயைப் பொத்தினா.

சாருக்குத் தொண்டை வரைக்கும் ஒரு "ம்க்கும்" வந்துச்சு. குட்டையைப் பாத்தார். அந்தப் பெருசு இன்னும் சாமி முழங்காலை விட்டு எறங்கல.

சார் அந்த ம்க்கும்மை முழுங்கிட்டார்.