விரால் நிற்கும் இடம்

"சாமி, நீங்க சொல்ற இடத்துல மீன் இல்ல" என்றார் ஏகாம்பரம்.

சாமி வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார். குச்சியை எடுக்காமலே தலையை ஆட்டினார். இல்லைதான் என்று அர்த்தம்.

ஏகாம்பரத்துக்கு எரிச்சலாக வந்தது. ஆமாம் என்று ஒப்புக்கொள்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

ஏரிக்கரையில் அந்த மடம். உள்ளே இரண்டே பேர். சாமி, ஏகாம்பரத்தைவிடப் பத்து வயது இளையவர். ஏகாம்பரம், மனைவி இறந்துபோன பிறகு ஞானம் தேடி வந்தவர். இதுவரை கிடைத்தது கொசுக்கடி.

ஞானத்தைப் பற்றிச் சாமி வாயே திறப்பதில்லை. விடிந்ததும் தூண்டில்காரர்கள் வந்து நிற்பார்கள். அவர்களிடம்தான் பேசுவார்.

"சாமி, இன்னிக்கு எது எங்க படும்?"

"கெண்டை ஆலமரத்துப் பக்கம். மாவு உருண்டை போடு. ஜிலேபி தாமரைக்குக் கீழ. கெளுத்தி மதகுல. மண்புழு போதும்."

"விரால்?"

இதைக் கேட்பவர் மாசிலாமணி. தினமும் கடைசியில் அவர்தான் கேட்பார்.

"விரால் இன்னிக்கு அசையாது."

மாசிலாமணி தூண்டிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு தனியே போவார். எங்கே போய் உட்காருவாரோ, யாருக்கும் தெரியாது. அந்த ஊர்த் தூண்டில்காரர்கள் தங்கள் இடத்தை அடுத்தவனுக்குச் சொல்லமாட்டார்கள். கூடப்பிறந்தவன் கேட்டாலும் பொய்தான். ஏரியைச் சுற்றி ஆளுக்கொரு புதர். பகலெல்லாம் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

இன்று அவர்கள் இன்னும் வரவில்லை. ஏகாம்பரம் விடுவதாயில்லை.

"நேத்து முனிரத்தினத்த மதகுக்கு அனுப்புனீங்க. அவன் தம்பி தேசிங்கையும் அங்கயே அனுப்புனீங்க. ரெண்டு பேருக்கும் நாலஞ்சு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"சாயங்காலம் பாத்தேன். ஒரு கெளுத்தி கூட இல்ல. ரெண்டு பேரும் ஒரே சைக்கிள்ல திரும்பிப் போறாங்க, வெறுங்கையோட."

"அப்படியா?"

சாமி வாய் கொப்பளித்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. ஏகாம்பரம் அதைக் கவனித்தார். எரிச்சல் இன்னும் கூடியது.

"உங்களுக்கு மீனப் பத்தி என்னதான் தெரியும்?"

"நான் மீன் சாப்புடறதுகூட இல்லையே."

ஏகாம்பரம் உள்ளே போய்ப் பையை எடுத்துவந்தார். துணிகளை நேற்றே மடித்து வைத்திருந்தார். மீன் ஒரு சாக்குதான்.

"நான் கெளம்பறேன் சாமி."

"எங்க?"

"வீட்டுக்கு."

"வீட்ல யாரு இருக்கா?"

ஏகாம்பரம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். மகள் தொலைதூரத்தில். வீட்டில் இருப்பது பூட்டுதான். சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிற மனிதனுக்கு எந்தச் சுவராய் இருந்தால் என்ன? ஆனாலும் அந்தச் சுவர் மனைவி வெள்ளையடித்தது.

"இங்க பேச ஆளில்ல சாமி" என்றார். "வெக்கத்த விட்டுச் சொல்றேன். சில நேரம் எம்பேர நானே கூப்ட்டுப் பாக்கறேன்."

சாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுக்குக் கலங்கல் வழியாத்தான போகணும்?"

"ஆமா."

"விரால் இன்னிக்குக் கலங்கல்ல நிக்கும். பாத்துட்டுப் போங்க."

"எங்கிட்ட தூண்டில் இல்ல."

"பாக்கத்தான சொன்னேன்."

கலங்கல் என்பது, ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல்கட்டு. ஏரி நிரம்பி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கல்கட்டின் அடியில் கணுக்கால்கூட நனையாத தண்ணீர். கொஞ்சம் பாசி. விரால் என்ன, தவளைக்குஞ்சுகூட நிற்காது.

கலங்கலுக்கு வந்து அதைப் பார்த்த ஏகாம்பரம் சிரித்தார். யாருமில்லாத இடத்தில் தன் சிரிப்பைக் கேட்க அவருக்கே ஒருமாதிரி இருந்தது.

கல்லில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். தூரத்தில் பஸ் போகிற சத்தம் கேட்டது. அடுத்ததில் போகலாம் என்று நினைத்தார். அவசரமாகப் போய் யாரைப் பார்க்கப் போகிறோம்?

வெயில் ஏறியது.

கரைமேட்டில் காலடிச் சத்தம். மாசிலாமணி வந்துகொண்டிருந்தார். தோளில் தூண்டில். கையில் ஒரு தூக்குவாளி.

அவர் தண்ணீரைப் பார்த்தார். நன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்தார்.

"சாமி சொன்னாரு" என்றார் தயங்கியபடி. "இங்க விரால் நிக்குதுன்னு."

பொய் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் திரும்பிப் போகவில்லை. போக மனமில்லாதவராக, தூண்டிலை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு நின்றார்.

ஏகாம்பரத்துக்கு நேற்றைய சைக்கிள் ஞாபகம் வந்தது. தம்பி மிதிக்க, அண்ணன் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

கல்லின்மேல் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

"நிக்குது" என்றார். "உக்காருங்க."