கேழ்வரகு முதலில் வந்த கதை

2018 டிசம்பர் 3, காலை பத்தேகால் மணிக்கு, மாதிரி லேபிள் ஒட்டிய இருபத்து நான்கு டப்பா சத்துமாவுடன் செங்கோட்டுவேலன் மடத்துக்கு வந்தார். சொந்தமாக மாவு மில் வைத்திருப்பவர். வயது ஐம்பத்தெட்டு. மடத்தின் தலைவி உமையாள் அம்மையாரிடம் தீட்சை வாங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. அம்மையார் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

டப்பாவில் அம்மையாரின் படத்தைப் போட அனுமதி வேண்டும். அன்று பிற்பகல் அச்சகத்தில் லேபிள் ஓடப்போகிறது. போன வருடச் சரக்கில் பாதி தேங்கிவிட்டது. படம் இருந்தால் மில் ஓடும், இல்லாவிட்டால் பூட்டுத்தான்.

அம்மையார் டப்பாவைக் கையில் வாங்கியதும் பின்பக்கம் திருப்பினார்.

"முன்னாடி பாருங்கம்மா. 'வெள்ளைச் சர்க்கரை துளியும் இல்லை'ன்னு பெருசாப் போட்டிருக்கேன்."

"பின்னாடி பொடியாப் போட்டிருக்கீங்களே, அதைப் படிங்க."

செங்கோட்டுவேலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "கேழ்வரகு, நாட்டுச்சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், பேரீச்சை சிரப், மால்ட் சாறு, பாசிப்பயறு, ஏலக்காய்."

"இது என்ன வரிசை?"

"எடை வரிசைங்கம்மா. எது அதிகமோ அது முதல்ல. சட்டம்."

"போன வருசம் எது முதல்ல இருந்துச்சு?"

அவர் ஒருமுறை இருமினார். "நாட்டுச்சர்க்கரைங்க. பாதிக்குப் பாதி அதுதான். பட்டியலைப் பார்த்தவங்க டப்பாவை வச்சுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் விவரமான ஆள் ஒருத்தர், இனிப்பை நாலாப் பிரிங்கன்னாரு. ருசி அதேதான். கேழ்வரகு முன்னுக்கு வந்துருச்சு."

கண்ணாடியைக் கழற்றினார். "எழுதினதுல ஒரு பொய் இருக்குங்களாம்மா?"

அம்மையார் எழுந்து சமையல்காரர் மாரப்பனைக் கூப்பிட்டார். மாரப்பன் நூற்றுப் பதினெட்டுக் கிலோ. காய் நறுக்கிக்கொண்டிருந்த நான்கு பெண்களையும் வரச்சொன்னார். நால்வரும் ஒரே வீட்டு மருமகள்கள். எல்லோரும் மண்டபத்துத் துலாபாரத்தின் முன் நின்றார்கள். பக்தர்கள் தங்கள் எடைக்கு எடை வெல்லமும் வாழைப்பழமும் நிறுத்துக் கொடுக்கும் பெரிய தராசு அது.

"மாரப்பன், ஒரு தட்டுல உக்காருங்க."

"எதிர்த்தட்டுல வெல்லங்களாம்மா?"

"கிட்டத்தட்ட."

தட்டு தரையில் இடித்து நின்றது. மூத்தவள் பாவாயி எதிர்த்தட்டில் ஏறினாள். மாரப்பன் அசையவில்லை. அவள் இறங்கி இரண்டாமவள் ஏறினாள். பிறகு மூன்றாமவள். கடைசி மருமகள் ஏறியபோது, "இவ எதுக்கு? காத்தடிச்சாலே பறந்துருவா" என்றாள் பாவாயி.

"யாரு கனம், வேலன்?"

"இதுல என்னங்கம்மா சந்தேகம்? மாரப்பன்தான்."

"இப்ப நாலு பேரும் சேர்ந்து ஏறுங்க."

மூன்றாமவள் கால் வைத்ததுமே மாரப்பன் தட்டோடு மேலே கிளம்பிவிட்டார். நாலாமவளும் உட்கார்ந்தபோது வேட்டியை ஒரு கையிலும் சங்கிலியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு உச்சியில் ஆடினார்.

"இறக்குங்க தாயிகளா! ஒரே வீட்டுக்காரங்க ஒண்ணாச் சேர்ந்து ஆளைத் தூக்கிட்டீங்களே!"

பெண்கள் சிரித்த சிரிப்பில் தட்டு இன்னும் ஆடியது. செங்கோட்டுவேலனும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மாரப்பன் மேலிருந்து கேட்டார். "அண்ணா, நீங்க பேசினது சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. எனக்குச் சுகர்னு உங்களுக்குத் தெரியுமில்ல? போன மாசம் நீங்க குடுத்த மாவைத்தான் ரெண்டு வேளையும் குடிக்கிறேன். சர்க்கரை இல்லைன்னு போட்டிருந்துச்சே."

"வெள்ளைச் சர்க்கரை..." என்று தொடங்கிய செங்கோட்டுவேலன் அச்சகத்துக்குப் போக வேண்டிய தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"அம்மா, அப்போ லேபிள்ல எதை முதல்ல போடறது?"

அம்மையார் இலை போடச் சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் நடந்தார்.

"மேல தொங்குறவரைக் கேளுங்க."

2019 ஜனவரி 18 அன்று புதிய டப்பாக்கள் கடைகளுக்குப் போயின. பின்பக்கத்தின் முதல் சொல் சர்க்கரை. முன்பக்கத்தில் படம் இல்லை.